மாத்திரையை மறைத்த எனக்குக் கர்த்தர் வாய் திறந்து கொடுத்தார்

நான்கு மாதக் கர்ப்பிணியாகக் கொச்சி தோப்பும்படியில் ஒரு மருந்துக் கடையில் நின்றபோதுதான், வயிற்றுப் பிள்ளைக்கு நானே தினமும் இரண்டு வேளை என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. ஓணத்துக்கு நாலு நாள் இருந்தது. வெளியே பூ வாங்குகிற கூட்டம். நான் பழைய சீட்டை நீட்டினேன். கடையில் இருந்த சேச்சி சீட்டைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். மாத்திரை யாருக்கு என்று கேட்டார். என் தங்கைக்கு என்றேன். எனக்குத் தங்கையே கிடையாது.

தங்கை கர்ப்பமாக இருக்கிறாளா என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் மாத்திரை அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார். இந்த மாத்திரை வயிற்றில் உருவாகிற குழந்தையைப் பாதிக்கலாம். முதுகெலும்பு மூடாமல் போகலாம். இருதயத்தில் ஓட்டை வரலாம். உதடு பிளந்து பிறக்கலாம். பிறந்த பிறகு படிப்பிலும் பேச்சிலும் பிந்தலாம். எல்லாக் குழந்தைக்கும் வராது, ஆனாலும் பிரசவம் பார்க்கிற டாக்டருக்குக் கட்டாயம் தெரியவேண்டும் என்றார். கடைசியாக, "ஒற்றயடிக்கு நிறுத்தருது, கேட்டோ" என்றார். திடீரென்று நிறுத்திவிடாதே என்று அர்த்தம். அந்தக் கடைசி வார்த்தை என் காதில் ஏறவே இல்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

சகோதர சகோதரிகளே, நான் இதை ஏன் மறைத்தேன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். என் பெயர் லீதியாள். ஊர் தென்காசிப் பக்கம். பத்தாம் வகுப்பு வரை படித்தேன். பதினான்கு வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் ஜெபத்துக்கு வரிசையில் நிற்கும்போது வலிப்பு வந்து விழுந்தேன். அன்றிலிருந்து மாத்திரை. மாத்திரை சாப்பிட்டால் விழமாட்டேன், மற்றவர்களைப்போலத்தான் இருப்பேன். ஆனால் கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா உண்மையைச் சொன்ன இரண்டு இடமும் தட்டிப்போயின. மூன்றாவதாக மட்டாஞ்சேரியிலிருந்து சம்பந்தம் வந்தது. அம்மா இந்த முறை எதுவும் சொல்லவில்லை. என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்று நம் சபையில் எல்லாருக்கும் தெரியும். வெளியூர் விசுவாசிகளுக்காக எழுதுகிறேன். என் கணவர் டேவிட் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். பஜார் ரோட்டு கிட்டங்கியிலிருந்து சுக்கும் மிளகும் ஏற்றிக்கொண்டு வெலிங்டன் தீவுக்குப் போவார். அவருடைய அம்மாதான் எஸ்தரம்மாள் அத்தை. மாமனார் பல மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்தபோது அலமாரி நிறைய மருந்துப் புட்டிகள் இருந்தனவாம். அடக்கம் முடிந்து வந்ததும் அத்தை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் வாரிக்கொண்டுபோய் காயலில் கொட்டினார்களாம். இனி என் வீட்டுக்குக் கர்த்தர் ஒருவரே வைத்தியர் என்று பொருத்தனை செய்தார்கள். அதன் பிறகு பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் தலைவலிக்குக்கூட ஒரு மாத்திரை வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் வந்தால் அத்தை எழுந்து நிற்பார்கள். "என் வீட்டு வாசப்படியை மருந்து மிதிச்சு பதினெட்டு வருஷமாச்சு" என்பார்கள். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொல்லும். நானும் சொல்வேன்.

அதே வீட்டில், அவர்களுடைய ஒரே மருமகள், காலையும் மாலையும் குளியலறைக் கதவை அடைத்துக்கொண்டு குழாய்த் தண்ணீரில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அத்தை கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் அப்படி இல்லை. நான் உண்டானது தெரிந்ததும் மீன் வாசனை எனக்குக் குமட்டுகிறது என்று இரண்டு மாதம் வீட்டில் மீனே வாங்கவில்லை. கொச்சியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உபவாசம் என்று உங்களுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் என் வயிற்றில் கைவைத்து, எந்தக் குறையும் இல்லாத பிள்ளையைத் தாரும் என்று கண்ணீரோடு ஜெபிப்பார்கள். அந்தக் கைக்குக் கீழே நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன்.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொல்கிறேன். பிரசவம் நோயல்ல, அதனால் ஆஸ்பத்திரியில் பெறலாம் என்பது அத்தையின் நியாயம். சீட்டு எழுதுகிற நர்ஸ் என்னைப் பார்த்து, வேறு ஏதாவது நோய் உண்டா, மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டார். நான் வாயெடுக்கும் முன்னே அத்தை, "எங்க வீட்ல மருந்து கேறாது சிஸ்டரே" என்றார்கள். மருந்து எங்கள் வீட்டுக்குள் நுழையாது என்று பெருமையாகச் சொன்னார்கள். நர்ஸ் சிரித்துக்கொண்டே இல்லை என்று எழுதினார். அந்த எழுத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையையும் ஃபோலிக் மாத்திரையையும் அத்தை பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரையை ஒளித்து வைக்கிற இடமும் அப்போது போய்விட்டது. இத்தனை நாள் மாதவிலக்குக்கு வைக்கிற நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன். அதை யாரும் தொடமாட்டார்கள். கர்ப்பிணிக்கு எதற்கு நாப்கின்? அலமாரியை ஒதுக்கும்போது அத்தை, "இதை யாருக்காச்சும் கொடுத்திரட்டா மோளே?" என்று கேட்டார்கள். நானே கொடுத்துக்கொள்கிறேன் என்று பாக்கெட்டை வாங்கிக்கொண்டேன். அன்று மத்தியானமே தலையணை உறையைப் பிரித்து, பஞ்சுக்குள் அட்டையைச் செருகி, ஓரத்தில் இரண்டு விரல் நுழைய மட்டும் இடம் விட்டுத் தைத்துவிட்டேன். அதன் மேல்தான் தலைவைத்துப் படுத்தேன். திரும்பிப் படுத்தால் சரசரவென்று சத்தம் கேட்கும்.

இந்த நிலையில்தான் மருந்துக் கடைச் சேச்சி சொன்னதைக் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். விசுவாசத்தில் நிறுத்துகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது விசுவாசம் இல்லை, பயம். மூன்றாம் நாள் காலை சாயா ஆற்றும்போது என் வலது கை தானாக ஒரு வெட்டு வெட்டியது. கிளாஸ் தெறித்துப்போய் உடைந்தது. கை வழுக்கிவிட்டது என்று அத்தை நினைத்தார்கள். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடிச் சில்லுகளை அவர்களே பொறுக்கினார்கள். எனக்குத் தெரியும். விழுவதற்கு முன் எனக்கு அப்படித்தான் வரும். விழுந்தால் வயிறு அடிபடும், பிள்ளைக்கு மூச்சு முட்டும். உடனே போய் மறுபடியும் மாத்திரையை விழுங்கினேன்.

சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆபத்து. சாப்பிடாவிட்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து. டாக்டரிடம் சொன்னால் பக்கத்தில் அத்தை. அத்தையிடம் சொன்னால் பதினெட்டு வருஷத்துச் சாட்சியை உடைத்தவள் ஆவேன். அம்மாவுக்குப் போன் செய்தால், வாயைத் திறக்காதே, கல்யாண வாழ்க்கை போய்விடும் என்று அழுதார்கள். கணவரிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விதான் எனக்கு முன்னால் வந்து நின்றது. நாலு பக்கமும் சுவர். கல்லில் துணி அடிக்கும்போதெல்லாம் ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, ஏதாவது ஒரு வாசலைத் திறந்து என்னை வெளியே விடும். வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். குழந்தையின் அங்கங்கள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன் அது. அத்தையும் நானும் போனோம். என் பெயரைக் கூப்பிட்டதும் அத்தையும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அங்கே நின்ற பெண், கூட வந்தவர்கள் வெளியே இருக்கணும் என்று சொல்லி, அத்தையின் கையை மெதுவாக எடுத்துவிட்டு, என்னை உள்ளே விட்டுக் கதவை அடைத்தாள்.

நான் கர்ப்பமான பிறகு ஒரு டாக்டரோடு தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை.

நான் ஒரு வாசலைத் திறக்கும்படி கேட்டேன். கர்த்தரோ ஒரு கதவை அடைத்து எனக்குப் பதில் கொடுத்தார். இது அப்போதே எனக்குப் புரிந்தது என்று சொன்னால் பொய். அப்போது எனக்குக் குளிர்தான் தெரிந்தது. வயிற்றில் களிம்பைத் தடவினார்கள். டாக்டர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண்ணாக இருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமலே, எல்லாரிடமும் கேட்பதுபோலக் கேட்டார்.

"மருந்து ஒந்நும் இல்லல்லோ?"

மருந்து எதுவும் இல்லைதானே என்று அர்த்தம். இல்லை என்று சொல்வதற்காகவே கேட்கிற கேள்வி அது. என் வாய் இல்லை என்று சொல்லத்தான் பழகியிருந்தது. ஆண்டவரே என்று மனதுக்குள் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன்.

"உண்டு" என்றேன்.

டாக்டரின் கை நின்றுவிட்டது. மாத்திரையின் பெயரைச் சொன்னேன். பதினான்கு வயதிலிருந்து என்று சொன்னேன். சீட்டில் இல்லை என்று எழுதியிருப்பது பொய் என்று சொன்னேன். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது என்று சொன்னேன். எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. அவர் திட்டவில்லை. அப்படியானால் இன்னொரு தடவை முதலிலிருந்து பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை. என்னைப் புரண்டு படுக்கச் சொன்னார், எழுந்து நடந்துவிட்டு வரச் சொன்னார், மறுபடியும் பார்த்தார். முதுகெலும்பை ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தார். மூடியிருக்கிறது என்றார். இருதயத்துக்குத் தனியாக ஒரு ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றார். பிறகு கருவியைப் பிள்ளையின் முகத்துப் பக்கம் நகர்த்தினார். மேலுதட்டில் இடது பக்கம் ஒரு பிளவு தெரிகிறது என்றார்.

மாத்திரையாலா என்று கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்லமுடியாது, எந்த மருந்தும் தொடாத தாய்மாருக்கும் இப்படிப் பிறக்கிறது என்றார். ஆனால் இந்த மாத்திரை அதற்கு வாய்ப்பைக் கூட்டும். இந்த உறுப்புகள் எல்லாம் பெண்ணுக்குத் தான் கர்ப்பம் என்று தெரிகிறதற்கு முன்னும், தெரிந்த புதிதிலும் உருவாகிவிடுகின்றன. பிள்ளை வேண்டும் என்று நினைப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றியிருக்கவேண்டும் என்றார். இனி ஒருநாளும் நீயாக நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார். இந்தத் தடவை அந்த வார்த்தை என் காதில் ஏறியது. வெளியே இருப்பவர்களிடம் நான் சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

அத்தை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன மோளே, இம்புட்டு நேரம்?"

"அத்தை, நான் மாத்திரை சாப்பிடுறேன்."

"இவங்க குடுத்தாங்களா? வாங்காதேன்னு சொன்னேன்ல."

"இவங்க இல்ல. வலிப்புக்கு. பதினாலு வயசுலேர்ந்து."

அத்தை என் வாயையே பார்த்தார்கள். "நம்ம வீட்லயா?"

"நம்ம வீட்லதான்."

"நான் வயித்துல கை வச்சு ஜெபிச்சப்பவும்?"

"ஆமா அத்தை."

பிள்ளையின் உதட்டைப் பற்றியும் சொன்னேன்.  வீட்டுக்கு வந்து சேரும்வரை அத்தை ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்கள். அன்றும் எனக்குச் சோறு போட்டார்கள், குழம்பு ஊற்றினார்கள். ஆனால் சாயங்காலம் அந்தக் கை என் வயிற்றின்மேல் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எழுந்திருக்கவில்லை. என்னைப் பிடித்து அடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

என் கணவர் முதலில் கோபப்பட்டார். அது கோபமில்லை, பயம் என்று பிறகுதான் தெரிந்தது. "நீ விழுந்திருந்தா கையில சாவியைக் குடுக்கணுமா, செருப்பை மோக்க வைக்கணுமான்னுகூடத் தெரியாம முழிச்சிருப்பேனேடி" என்றார். எறணாகுளத்தில் நரம்பு டாக்டரிடம் அவரே கூட்டிக்கொண்டு போனார். சாவியும் வேண்டாம், செருப்பும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வா என்று டாக்டர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். என்னிடம், நடந்ததை மாற்றமுடியாது, இனி நடப்பதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறொன்றைச் சேர்த்தார். ஃபோலிக் மாத்திரையும் எழுதினார். இருதய ஸ்கேனில் குறை ஒன்றும் இல்லை. அந்தச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு படிக்கட்டிலேயே நாங்கள் இரண்டு பேரும் ஸ்தோத்திரம் சொன்னோம். ஆனால் வீட்டுக்குத் திரும்பினால் அதே மௌனம். டாக்டர் சொன்னதை எல்லாம் என் கணவர் அத்தைக்கும் சொன்னார். அவர்கள் கேட்டார்களா, இல்லையா என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

நவம்பர் மாதம் ஒருநாள் காலையில், மாத்திரை மாற்றிக்கொண்டிருந்த நாட்களில், அடுக்களையில் எனக்கு வலிப்பு வந்தது. அவர் வண்டி எடுத்துப் போய்விட்டார். வீட்டில் அத்தையும் நானும் மட்டும். எனக்கு ஒன்றும் நினைவில்லை. விழுவதற்கு முன்பே அத்தை தாங்கிவிட்டார்களாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வயிறு தரையில் அழுந்தாமல் தன் தொடையை முட்டுக்கொடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சத்தமாக ஜெபித்தார்களாம். எனக்கு நினைவு வந்தபோது என் வாயிலிருந்த இரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டரை நிமிஷம்" என்றார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார்கள். குதிரை ஓடுகிறதுபோல ஓடியது. அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

மறுநாள் மாலை நான் எழுந்திருக்கும் முன்பே அத்தை ஒரு கையில் தண்ணீரும் இன்னொரு கையில் மாத்திரையுமாக வந்து நின்றார்கள். அந்தக் கையில் மாத்திரையைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. வேண்டாம் அத்தை, நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"வாயைத் திற. நான் ஜெபிச்சுட்டுத்தான் கொண்டாந்திருக்கேன்" என்றார்கள்.

நான் விழுங்கியதும் என் வயிற்றில் கைவைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சொன்னதை நீங்களே கேட்டிருப்பீர்கள். "என் வீட்ல இப்போ மருந்து இருக்கு. கர்த்தரும் இருக்கார்." அவ்வளவுதான் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில் எங்கள் மகள் கிருபா பிறந்தாள். நன்றாக அழுதாள். முதுகு சரி, இருதயம் சரி. இடது மேலுதட்டில் மூக்குவரை பிளவு. முன்பே தெரிந்திருந்தும், கையில் வாங்கியதும் அந்த உதட்டைத்தான் முதலில் விரலால் தொட்டுப் பார்த்தேன். அண்ணம் பிளக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். பால் குடிக்கக் கஷ்டப்பட்டாள். எப்படிச் சாய்த்துப் பிடிக்கவேண்டும் என்று ஒரு நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

பார்க்க வந்த அடுத்த வீட்டுச் சேச்சி, கிரகணத்தன்று வெளியே இறங்கினாயா மோளே என்று கேட்டார். சபையிலிருந்து வந்த ஒரு தாயார், மருந்தை நம்பியதற்குக் கிடைத்த தண்டனை என்று என் காதுபடவே சொன்னார். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை பேசினார்கள்.

"கிரகணமும் இல்ல, தண்டனையும் இல்ல. மாத்திரையால இருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. என் மருமக மாத்திரை எடுத்தது தப்பில்ல. யார்கிட்டயும் சொல்லாம எடுத்ததுதான் தப்பு. அவளைச் சொல்லவிடாம வச்சது நான்." பிறகு குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே, "இருந்து சாயா குடிச்சிட்டுப் போங்க" என்றார்கள்.

ஜூன் மாதத்தில், மழை தொடங்கியபின், உதட்டுக்கு ஆபரேஷன் நடந்தது. இப்போது ஒரு மெல்லிய தழும்புதான். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பேச்சும் புத்தியும் எப்படி வளர்கிறது என்று சில வருஷம் கவனிக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது. ஆனால் அதை இப்போது மூன்று பேர் சேர்ந்து சுமக்கிறோம்.

உன் ஜெபம் எங்கே கேட்கப்பட்டது, பிள்ளைக்குக் குறை வந்ததே என்று சிலர் கேட்கிறார்கள். நான் தப்பிக்க வழி கேட்டேன். அவர் எனக்கு வாயைத் திறந்து கொடுத்தார். அன்று அந்த அறையில் நான் இல்லை என்று சொல்லியிருந்தால், நவம்பர் மாதம் என்னைத் தாங்க யாருக்கும் தெரிந்திருக்காது. நானும் இல்லை, கிருபாவும் இல்லை.

அன்பான சகோதரிகளே, கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைகளே, உங்களில் யாராவது வலிப்புக்கோ, வேறு எதற்கோ, முகப்பருவுக்கோகூட மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு அதை மறைத்து வைத்திருந்தால், என்னைப் போல விசுவாசம் என்று பெயர் வைத்து நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைக்கு ஆசைப்படுவதற்கு முன்னமே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். ஏற்கெனவே உண்டாகிவிட்டால் இன்றைக்கே சொல்லுங்கள். மாமியார்மாரே, உங்கள் மருமகளிடம் டாக்டர் கேட்கும்போது அவளையே பதில் சொல்ல விடுங்கள். சொல்லப் பயமாக இருந்தால் கர்த்தரை ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள். நீளமான ஜெபம் வேண்டாம். என்னைக் கேட்டவர் உங்களையும் கேட்பார். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஆராதனை முடிந்து என்னிடம் வாருங்கள், நானும் அத்தையும் வருகிறோம்.

கிருபாவுக்கு இப்போது ஒன்பது மாதம். உதடு இரண்டும் சேர்ந்து மூடினால்தான் சில சத்தங்கள் வரும், அதற்குக் காத்திருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். போன புதன்கிழமை உதட்டை மூடித் திறந்து, தெளிவாக, "ம்மா" என்றாள். என்னைப் பார்த்து இல்லை. அத்தையைப் பார்த்து. அதற்கும் ஸ்தோத்திரம்.